முதல் கிராஃபிக் நாவலை எங்கிருந்து தொடங்குவது?

கிராஃபிக் நாவல் வாசிக்க ஆசைப்படும் ஒருவர் விவரம் தெரிந்த நண்பரிடம் யோசனை கேட்டால், பெரும்பாலும் இரண்டு பெயர்களில் ஒன்று வரும். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்', இல்லையென்றால் ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்'. இரண்டும் பெரிய படைப்புகள்தாம். 'மௌஸ்' 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. 1986–87இல் 12 இதழ்களாக வெளிவந்த 'வாட்ச்மென்', அமெரிக்க காமிக்ஸின் போக்கையே திருப்பிவிட்டது. ஆனாலும் இந்த யோசனையை நம்பி வாங்கியவர்கள் பாதியில் மூடிவைத்துவிட்டு, 'இது நமக்கானதில்லை போலிருக்கிறது' என்று ஒதுங்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'வாட்ச்மென்' நூலையே எடுத்துக்கொள்வோம். அது சூப்பர் ஹீரோ கதைகளோடு நடத்தப்படும் ஒரு நெடிய வாக்குவாதம். முகமூடி மாட்டிக்கொண்டு குற்றவாளிகளை அடிக்கக் கிளம்பும் மனிதர்கள் நிஜத்தில் இருந்தால் அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள் என்று அது கேட்கிறது. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளோடு வளர்ந்தவருக்கு அந்தக் கேள்வி சுடும். அவற்றைத் தொட்டிராதவருக்கு வாக்குவாதத்தின் ஒரு தரப்பு மட்டுமே காதில் விழும். அவருக்குச் சலிப்புத் தட்டினால் அதில் ஆச்சரியமில்லை.

'எது சிறந்தது?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'நான் இதுவரை எதை விரும்பிப் படித்திருக்கிறேன்?' என்று கேட்டால் முதல் நூல் சரியாக அமையும் என்பது என் உறுதியான எண்ணம். கிராஃபிக் நாவல் என்பது ஒரு வகைக் கதையின் பெயர் அன்று. தன்வரலாறு, போர்ச் செய்தி, குடும்பக் கதை, துப்பறியும் கதை, கணிதத் தத்துவம் என எல்லாமே அந்த வடிவத்தில் இருக்கின்றன. தி.ஜானகிராமனை விரும்பும் ஒருவருக்கும் சுஜாதாவை விரும்பும் ஒருவருக்கும் ஒரே நாவலை யாரும் சிபாரிசு செய்வதில்லை. படம் வரைந்த நூல் என்றதும் மட்டும் எல்லோர் கையிலும் ஒரே நூலைத் திணிக்கிறோம்.

தமிழ் வாசகர் இந்த வடிவத்துக்கு முற்றிலும் புதியவரும் அல்லர். தினத்தந்தியில் 'கன்னித்தீவு' 1960 முதல் வருகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் நாளிதழைத் திறந்த பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் தொடர்கதை. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது, இரும்புக்கை மாயாவியோடு தொடங்கினார். 1984இல் அவருடைய மகன் விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவி பிரிட்டனிலிருந்தும், டெக்ஸ் வில்லர் இத்தாலியிலிருந்தும், லக்கி லூக் பெல்ஜியத்திலிருந்தும் சிவகாசி வழியாக நம் பெட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நினைவிழந்து கரையொதுங்கிய ஒருவன் தன் அடையாளத்தைத் தேடி அலையும் 'இரத்தப் படலம்' தொடருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாசகர்கள் இங்கே உண்டு. இன்று அதே நிறுவனம் 'லயன் கிராஃபிக் நாவல்' என்று தனி வரிசையே நடத்துகிறது.

இந்தப் பழக்கத்தால் ஒரு நன்மை இருக்கிறது, ஒரு தடையும் இருக்கிறது. கட்டம் கட்டமாகப் படிக்கும் கண் நமக்கு ஏற்கெனவே பழகிவிட்டது; இது நன்மை. சித்திரக்கதை என்றால் குதிரை, துப்பாக்கி, புதையல் என்றும், அரும்பு மீசை வரும் வயதோடு அதை விட்டுவிட வேண்டும் என்றும் மனதில் பதிந்துவிட்டது, இது தடை. நாம் 'கேப்டன் டைகர்' என்று அறிந்த கௌபாய்த் தொடரை வரைந்த ழான் ஜிரோதான் 'மோபியஸ்' என்ற பெயரில் விசித்திரமான கனவுவெளிகளை வரைந்து உலகப் புகழ் பெற்றவர். ஒரே கை இரண்டையும் வரைந்தது. டைகரின் புழுதி பறக்கும் பாலைவனங்களை ரசித்த கண்ணுக்கு மோபியஸின் பாலைவனங்கள் அந்நியமாக இருக்காது. பழைய காமிக்ஸ் ரசிகர்கள் பலருக்கு அடுத்த வாசல் இப்படி மிக அருகிலேயே இருக்கிறது.

எந்த நூலைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் எப்படிப் படிப்பது என்பதைச் சொல்ல வேண்டும். பலர் விலகிப்போவதற்கு நூலைவிடப் படிக்கும் வேகமே காரணமாகிறது. உரைநடை வாசித்துப் பழகியவரின் கண் எழுத்தைத் தேடி ஓடும். வசன பலூனிலிருந்து பலூனுக்குத் தாவி, படத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, 200 பக்க நூலை ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவார். முடித்ததும், 'கதை இவ்வளவுதானா?' என்று தோன்றும். கதையின் பாதி அவர் பார்க்காமல் கடந்துபோன படங்களில் கிடக்கிறது.

ஸ்காட் மெக்ளவுட் 1993இல் 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூலைக் காமிக்ஸ் வடிவத்திலேயே எழுதினார். காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நான் கண்டதில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம்தான் இந்தக் கலையின் இதயம் என்கிறார் அவர். ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் நகரத்தின் இரவு வானமும் ஓர் அலறலும் மட்டும் இருக்கின்றன. வெட்டியதை ஓவியர் வரையவே இல்லை. எங்கே வெட்டு விழுந்தது, எவ்வளவு பலமாக விழுந்தது என்பதையெல்லாம் தீர்மானித்தவர் வாசகர். திரைப்படம் பார்ப்பவருக்கு இந்த வேலை இவ்வளவு இல்லை. அதனால்தான் கிராஃபிக் நாவலில் வரும் ஒரு மரணம் சில சமயம் திரையில் காண்பதைவிட ஆழமாகத் தைக்கிறது.

பக்கத்தை முழுதாகப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். 'வாட்ச்மென்' நூலின் 5ஆம் அத்தியாயத்தில் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பு கடைசிப் பக்கத்திலும், இரண்டாம் பக்கத்தின் அமைப்பு கடைசிக்கு முந்தைய பக்கத்திலும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்புகின்றன. அத்தியாயத்தின் நட்டநடுவில் இரு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிப் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. கைபேசிக்கென்றே வரையப்பட்ட கொரிய வெப்டூன்களின் கதை வேறு. அவை மேலிருந்து கீழாகத் தள்ளிப் படிக்கும்படி அமைந்தவை. அச்சுக்காக வரையப்பட்ட நூலை, முதல் நூலையாவது, தாளில் படிப்பதே நல்லது.

இனி வாசல்கள். தன்வரலாறும் குடும்பக் கதையும் விரும்புகிறவர்களுக்கு நான் தயங்காமல் கொடுப்பது மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபொலிஸ்'. 2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் நான்கு பாகங்களாக வந்தது. தமிழில் விடியல் பதிப்பகம் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற தலைப்பில் வெளியிட்டது. 1979 ஈரானியப் புரட்சியின்போது டெஹ்ரானில் வளரும் ஒரு சிறுமி, முக்காடு கட்டாயமாகும் பள்ளி, ஈராக்குடனான போர், சிறையிலிருந்து மீண்டு வந்து கதை சொல்லிவிட்டு மறுபடியும் பிடிபட்டுக் கொல்லப்படும் சித்தப்பா, பதினான்கு வயதில் தனியாக வியன்னா. படங்கள் கறுப்பு, வெள்ளை மட்டுமே. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. முகங்கள் மிக எளிமையானவை. இந்த எளிமையே நூலை நமக்கு நெருக்கமாக்குகிறது. நுணுக்கமாக வரைந்த முகத்தை நாம் இன்னொருவர் முகமாகப் பார்க்கிறோம். இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக வரைந்த முகத்துக்குள் நாமே புகுந்துகொள்கிறோம். சொர்க்கத்தின் சாவி என்று சொல்லி, பொன்வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவிகளை ஏழைப் பையன்களிடம் கொடுத்துப் போர்முனைக்கு ஆசை காட்டும் பகுதி இந்நூலில் வருகிறது. கண்ணிவெடியில் சிதறும் சிறுவர்களின் நிழலுருவங்களை ஒரு கட்டத்திலும், விருந்தில் துள்ளி ஆடும் பிள்ளைகளை அதே பக்கத்தில் இன்னொரு கட்டத்திலும் சத்ரபி வரைகிறார். இரண்டிலும் உடல்கள் ஏறக்குறைய ஒரே விதமாகத் துள்ளுகின்றன. அவர் விளக்கம் எதுவும் எழுதவில்லை. படமும் படமும் பக்கத்தில் நிற்பதே போதுமானதாக இருக்கிறது.

இந்த வாசலில் நுழைந்தவர் அடுத்து ரியாத் சத்தூஃபின் 'எதிர்கால அரபியன்' தொடருக்குப் போகலாம். ஆங்கிலத்தில் 'தி அராப் ஆஃப் தி ஃபியூச்சர்'. லிபியாவுக்கு மஞ்சள், சிரியாவுக்கு இளஞ்சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம் என்று நாட்டுக்கொரு நிறம் வைத்துத் தன் பால்யத்தைச் சொல்கிறார். இலக்கிய வாசகர்களில், 'படம் போட்ட புத்தகத்தில் கனம் இருக்காது' என்ற ஐயம் உள்ளவர்கள் அலிசன் பெக்டலின் 'ஃபன் ஹோம்' (2006) படிக்க வேண்டும். சவ அடக்க விடுதி நடத்திய தந்தையையும், அவர் மறைத்துவைத்த வாழ்க்கையையும், ஜாய்ஸையும் ப்ரூஸ்ட்டையும் துணைக்கு வைத்துக்கொண்டு மகள் துருவிப் பார்க்கும் நூல் அது. காலவரிசையில் நேராகப் போகாது. ஒரே மரணத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்பிவரும். எனக்குத் தெரிந்து, நல்ல நாவல் வாசகர்களை இந்த வடிவத்துக்குள் இழுத்த நூல்களில் இதற்கு முதலிடம் உண்டு.

வரலாறும் அரசியலும் படிக்கிறவர்களுக்கு 'மௌஸ்' பொருத்தமான தொடக்கம். மற்றவர்களுக்கு அது மூன்றாவது நான்காவது நூலாக வந்தால் போதும். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் வருகிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது, அது இரண்டு காலங்களில் ஓடுகிறது என்பது. ஒன்றில் தந்தை விளாடெக் போலந்தில் ஒளிந்து, பிடிபட்டு, ஆஷ்விட்ஸில் உயிர்பிழைக்கிறார். மற்றொன்றில் நியூயார்க்கில் முதியவரான அதே தந்தை, கஞ்சத்தனத்தாலும் பிடிவாதத்தாலும் மகனைப் பாடாய்ப்படுத்துகிறார். துன்பப்பட்டவர் புனிதராகிவிடுவதில்லை என்பதை மகன் ஒளிக்காமல் வரைகிறார். கறுப்பின மனிதர் ஒருவருக்கு வண்டியில் இடம்கொடுத்ததற்காக விளாடெக் கொதிக்கும் இடம் படிக்கக் கசப்பானது. நூலின் நேர்மை முழுவதும் அங்கே இருக்கிறது. அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்தில் மெக்மின் மாவட்டப் பள்ளிக் குழு 2022 ஜனவரியில் இதைப் பாடத்திலிருந்து நீக்கியது. அதன் பிறகு அதன் விற்பனை எகிறியது.

செய்தி வாசிப்பவர்களுக்கு ஜோ சாக்கோ இருக்கிறார். 1991–92 குளிர்காலத்தில் மேற்குக் கரையிலும் காசாவிலும் சுற்றி, சந்தித்தவர்களின் வாக்குமூலங்களை 'பாலஸ்தீன்' என்ற தொடராக வரைந்தார். நூல் வடிவத்துக்கு எட்வர்ட் சையத் முன்னுரை எழுதினார். 1956இல் கான் யூனிஸிலும் ரஃபாவிலும் நடந்த கொலைகளை முதியவர்களின் நினைவுகளிலிருந்து மீட்டெடுக்கும் 'ஃபுட்நோட்ஸ் இன் காசா' (2009) அதைவிடக் கனமானது. நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படும்போது சாக்கோ முரண்பாட்டையே வரைந்துவைக்கிறார். கேமரா இல்லாதிருந்த இடத்துக்கு ஓவியரால் போக முடிகிறது. அதற்கு ஈடாக ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. 2025இல் வந்த அவருடைய நூல் 2013 முசாஃபர்நகர் கலவரத்தைப் பற்றியது என்பதால் இந்திய வாசகர்களுக்கு அது நேரடியாகவே பொருந்தும்.

ஈழப் போரின் இறுதிக் காலத்தைச் சொல்லும் 'வன்னி' (2019) இதே மரபில் வந்தது. எழுதிய பெஞ்சமின் டிக்ஸ் கிளிநொச்சியில் ஐ.நா. பணியாளராக இருந்து, 2008 செப்டம்பரில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். வரைந்தவர் லிண்ட்சே பொலக். ஆழிப்பேரலையில் தொடங்கி, ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒடுங்குவதை உயிர்தப்பியவர்களின் சாட்சியங்களை வைத்துச் சொல்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த மண்ணும் வீடும் உறவும் தெரிந்தவை. அதனாலேயே முதல் நூலாக இதை எடுக்க வேண்டாம் என்பேன். வடிவத்துக்குக் கண் பழகிய பிறகு, மனம் தயாரானபோது படியுங்கள்.

ஹிரோஷிமாவில் ஆறு வயதில் குண்டுவீச்சைக் கண்டு, தந்தையையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்த கெய்ஜி நகசாவா 1973 முதல் வரைந்த 'பேர்ஃபுட் ஜென்' பத்துப் பாகங்கள் கொண்டது. முதல் பாகம் தனியாகவே நிற்கும். அமெரிக்கக் குடிமை உரிமை இயக்கப் போராளி ஜான் லூயிஸ் தன் கதையைச் சொன்ன 'மார்ச்' மூன்று பாகங்கள். 2016இல் மூன்றாவது பாகம் அந்நாட்டின் தேசியப் புத்தக விருதைப் பெற்றது. 1957இல் வெளிவந்த, மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றிய சின்னக் காமிக்ஸ் ஒன்று அந்த இயக்கத்து இளைஞர்களிடம் கைமாறி வந்தது. அதன் நினைவே 'மார்ச்' நூலுக்குத் தூண்டுதல்.

இந்திய நூல்களில் முதலிடம் 'பீமாயண'த்துக்கு. நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வந்திருக்கிறது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும் எழுத, பர்தான் கோண்ட் ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்விலிருந்து தண்ணீர், தங்குமிடம், பயணம் என்ற மூன்று தலைப்புகளில் அனுபவங்களை வரைந்தார்கள். சிறுவன் பீமுக்குப் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்படுகிறது. படித்துத் திரும்பி வந்த அம்பேத்கருக்குப் பரோடாவில் தங்க இடம் மறுக்கப்படுகிறது. மேலைக் காமிக்ஸின் பெட்டிக் கட்டங்களுக்குள் தங்கள் மனிதர்களை அடைத்துவைக்க வியாம்கள் மறுத்துவிட்டார்கள். பக்கங்களை வளைந்தோடும் கோண்ட் கோலங்கள் பிரிக்கின்றன. ரயில் பாம்பாக நெளிகிறது, கோட்டை விலங்காகிறது. வசன பலூன்களைப் பாருங்கள்: சாதிவெறி பேசுகிறவரின் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கும். கனிவாகப் பேசுகிறவரின் பேச்சு பறவை வடிவில் இருக்கும். மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண் வரையப்பட்டிருக்கும். இதைக் கண்டுகொண்ட பிறகு, ஒரு பாத்திரம் வாய் திறக்கும் முன்பே, அதன் பலூன் ஓரத்தைப் பார்த்து வாசகர் உடல் இறுகுகிறது. உலக அளவில் இந்த வடிவத்துக்கு இந்தியா தந்த புதுமை என்று நான் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

ஒரிஜித் சென்னின் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' 1994இல் வந்தது. நர்மதை அணைப் போராட்டத்தைப் பழங்குடிப் பாடகர் சொல்லும் தோற்றக்கதையோடு பின்னியது. நெடுங்காலம் கிடைக்காமல் இருந்ததைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2022இல் மறுபடி கொண்டுவந்தது. சாரநாத் பானர்ஜியின் 'காரிடார்' (2004) டெல்லி கன்னாட் பிளேஸ் பழைய புத்தகக்காரரைச் சுற்றியது. நகர வாழ்வை இலகுவாகச் சொல்வதை விரும்புகிறவர்களுக்கு ஏற்றது. நெருக்கடிநிலைக் காலத்துக்கு விஸ்வஜோதி கோஷின் 'டெல்லி காம்' (2010). காஷ்மீருக்கு மாலிக் சஜாதின் 'முன்னு' (2015). அதில் காஷ்மீரிகள் அழிந்துவரும் ஹங்குல் மான்களாக வருகிறார்கள். சென்னையின் தாரா புக்ஸ் வங்கப் படுவா ஓவியர் ஒருவரைக் கொண்டு உருவாக்கிய 'சீதாஸ் ராமாயணா' (2011), சீதையின் வாயிலாகக் கதை சொல்வது. அமர் சித்ர கதாவில் இராமாயணம் படித்து வளர்ந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறது என்று தயங்குகிறவர்களுக்கு, சொல்லே இல்லாத நூல்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் 'தி அரைவல்' (2006) அதில் உச்சம். மனைவியையும் மகளையும் விட்டு ஒருவர் வேலை தேடிக் கப்பலேறுகிறார். அவர் இறங்கும் நாட்டின் எழுத்துகள் எந்த மொழியிலும் இல்லாதவை. விலங்குகள் எங்கும் காணாதவை. பழத்தை எப்படி உரிப்பது என்றுகூடத் தெரியாது. அவருக்குப் புரியாதது நமக்கும் புரிவதில்லை. புலம்பெயர்ந்தவரின் திகைப்பை அவரோடு சேர்ந்து நாமும் அனுபவிக்கிறோம். டானின் தந்தை மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியா போனவர். கப்பலேறியவர்களின் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! படிக்கத் தெரியாத பாட்டியும் பத்து வயதுப் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய நூல் இதுபோல வேறொன்று எனக்குத் தெரியாது. இந்தச் சொல்லில்லாக் கதைமரபு பழையது. பெல்ஜிய ஓவியர் ஃபிரான்ஸ் மாசரேல் 1919இலேயே 167 மரச்செதுக்குப் படங்களால் ஒரு மனிதனின் வாழ்வைச் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானிய மாங்கா ஒரு தனிக் கடல். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது முதல் அரை மணி நேரம் தடுமாற்றமாக இருக்கும். பிறகு கண் பழகிவிடும். பெரியவர்கள் பலர் மாங்கா என்றால் பள்ளிப் பிள்ளைகளின் சண்டைக் கதை என்று நினைக்கிறார்கள். ஒசாமு தெசுக்காவின் 'புத்தா' அந்த எண்ணத்தை மாற்றும். 1972 முதல் 1983 வரை வரையப்பட்டது. ஆங்கிலத்தில் எட்டுப் பாகங்கள். சித்தார்த்தனைச் சுற்றித் தெசுக்கா தாமே படைத்த தாழ்த்தப்பட்ட மனிதர்களை உலவவிடுகிறார். முதல் பாகத்தில் சித்தார்த்தனைவிட அவர்களே முன்னால் நிற்கிறார்கள். நடுநடுவே விளையாட்டுத்தனமான கேலிகளும் வரும். புத்தரின் கதையைப் பயபக்தியோடு மட்டும் கேட்டவர்களுக்கு இது சற்று அதிர்ச்சி தரும். துப்பறியும் கதைப் பிரியர்களுக்கு நவோகி உரசாவாவின் 'மான்ஸ்டர்'. எதுவுமே நிகழாமல் ஒரு மனிதர் தெருவில் நடந்துபோவதையே பார்த்துக்கொண்டிருக்க முடிகிறவர்களுக்கு ஜிரோ தனிகுச்சியின் 'தி வாக்கிங் மேன்'. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்தது கடைசியில் சொன்னது.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். படம் இருப்பதாலேயே ஒரு நூல் பிள்ளைகளுக்கானது ஆகிவிடாது. இதுவரை சொன்னவற்றில் பல நூல்களில் வன்முறையும் உடலுறவும் சித்திரவதையும் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ரைனா டெல்ஜிமியரின் 'ஸ்மைல்' (2010) இருக்கிறது. பல் உடைந்து கம்பி மாட்டிக்கொண்ட சிறுமியின் பள்ளி நாட்கள். ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020இல் நியூபெரி பதக்கம் பெற்றது. அந்தப் பரிசை வென்ற முதல் கிராஃபிக் நாவல் அதுதான். பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடாத பிள்ளை இப்படிப்பட்ட நூலை ஒரே மூச்சில் முடிப்பதைப் பார்த்து, 'இதெல்லாம் படிப்பா?' என்று சொல்லிவிடாதீர்கள். அது படிப்பேதான்.

தவிர்க்க வேண்டிய தொடக்கங்களும் உண்டு. கிறிஸ் வேரின் 'பில்டிங் ஸ்டோரீஸ்' (2012) ஒரு பெட்டிக்குள் 14 தனித்தனி அச்சுப் பிரதிகளாக வருவது; எந்த வரிசையிலும் படிக்கலாம். மகத்தான படைப்பு. வடிவத்தின் இலக்கணம் கைவந்தவருக்கே அதன் மீறல்கள் சுவைக்கும். ஆண்டுக்கணக்கில் நீளும் அமெரிக்க சூப்பர் ஹீரோ தொடர்களின் நடுவில் போய்க் குதிப்பதும் அப்படித்தான். ஒரே நூலில் முடிகிற கதையை முதலில் எடுப்பது நல்லது.

விலை ஒரு நிஜமான தடை. இறக்குமதி நூல் ஒன்றின் விலையில் நான்கைந்து தமிழ் நாவல்கள் வாங்கலாம். தமிழ் மொழிபெயர்ப்புகள் குறைவாக வருவதற்கும் செலவே பெருங்காரணம். உரிமைத் தொகையும் நல்ல தாளும் வண்ண அச்சும் சேர்ந்தால் சிறு பதிப்பகம் திணறும். இன்னொரு சிக்கல் வெளியே தெரிவதில்லை: ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ அளவாக வரைந்த பலூனுக்குள் தமிழ் வாக்கியம் எளிதில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியாது. வசனத்தைச் சுருக்கினால் பேச்சின் நயம் போய்விடும். நல்ல சித்திரக்கதை மொழிபெயர்ப்பாளர் பலூனின் அகலத்தை மனதில் வைத்தே பேச்சுத்தமிழைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தத் திறமைக்கு நம் இலக்கிய உலகம் இதுவரை உரிய மதிப்பைத் தந்ததில்லை.

ஆகவே வாங்கும் முன் நூலகத்திலோ நண்பரிடமோ புத்தகக் காட்சியிலோ கையில் எடுத்துப் பாருங்கள். கதை பிடித்தும் ஓவியம் பிடிக்காமல் போகலாம். நாவலில் நடை பிடிக்காவிட்டால் எப்படித் தொடர முடியாதோ, அப்படியே இங்கும் கோடு பிடிக்காவிட்டால் தொடர முடியாது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அட்டையையோ முதல் பக்கத்தையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள், அவை மெருகேற்றப்பட்டவை. நடுவில் எங்காவது திறந்து, வசனத்தைத் தொடாமல் நான்கு பக்கங்களுக்குப் படங்களை மட்டும் பாருங்கள். பிறகு அதே நான்கு பக்கங்களை வசனத்தோடு படியுங்கள். இரண்டாம் முறை கதை வேறு விதமாகத் தெரிந்தால், முதலில் சிரிப்பதாகத் தோன்றிய முகம் இப்போது பொய் சொல்வதாகத் தெரிந்தால், அந்த நூலை வாங்கலாம். படம் சொன்னதையே வசனமும் திருப்பிச் சொன்னால், வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.